நம் ஊரில் அது 9.81 இல்லை: இயற்பியல் படிக்கப் போகிறவர்களுக்கு

படிவம் நான்கில் தொடங்கிப் பல்கலைக்கழக முதலாண்டு வரை ஊசல் பரிசோதனை விடாமல் கூடவே வரும். ஒரு மீட்டர் நூல், ஒரு குண்டு, ஒரு ஸ்டாப்வாட்ச். புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடி என்பார்கள். அறிக்கையில் மாணவர்கள் எழுதிக் கொடுக்க ஆசைப்படும் விடை 9.81. பாடநூலில் அப்படித்தான் போட்டிருக்கிறது. ஆனால் 9.81 என்பது லண்டன், பாரிஸ் பக்கத்து எண். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் அது 9.78. பூமி சுழல்கிறது, நடுவில் கொஞ்சம் புடைத்தும் இருக்கிறது. அதனால் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இழுவை சற்றுக் குறைவு.

இயற்பியல் பட்டப்படிப்பு எதற்கு, படித்து முடித்தால் என்ன வேலை, வானியலுக்குப் போக முடியுமா என்று கேட்கிற தம்பி தங்கைகளுக்கும், அவர்களைவிட அதிகமாகக் கவலைப்படுகிற அப்பா அம்மாவுக்கும் இந்த ஊசலை வைத்தே பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

20 அலைவுக்கு நேரம் எடுத்தால் சுமார் 40.2 வினாடி வரும். பொத்தானை அழுத்தும் கை முன்னே பின்னே 0.2 வினாடி தவறும். அது 0.5 விழுக்காடு. சூத்திரத்தில் நேரம் இருமடியாக வருவதால் விடையில் அது 1 விழுக்காடாகிவிடும். ஆக உங்கள் விடை 9.78 ± 0.10. இந்தப் பிழைக்குள் 9.78-உம் அடங்கும், 9.81-உம் அடங்கும். அதாவது நீங்கள் கோலாலம்பூரில் இருக்கிறீர்களா லண்டனில் இருக்கிறீர்களா என்று சொல்ல உங்கள் பரிசோதனைக்குத் தெம்பில்லை. 100 அலைவு எடுத்து, அதை ஐந்து முறை திருப்பிச் செய்து, நூலின் நீளத்தை 1 மில்லிமீட்டர் துல்லியத்துக்கு அளந்தால் பிழை 0.013 அளவுக்கு இறங்கும். அப்போதுதான் இரண்டு ஊரும் பிரிந்து தெரியத் தொடங்கும்.

அதற்குமேல் முறைப் பிழைகள் இருக்கின்றன. எத்தனை முறை திருப்பிச் செய்தாலும் இவை போகாது. குண்டின் விட்டம் 2 செ.மீ. என்றால் நீளத்தைக் குண்டின் மையம் வரை எடுக்க வேண்டும். நூல் முடியும் இடத்தோடு நிறுத்தினால் 1 செ.மீ. குறைந்து விடை 9.68 ஆகும். குண்டை விடும்போதே ‘ஒன்று’ என்று எண்ணத் தொடங்கினால் 19 அலைவை 20 என்று எழுதியிருப்பீர்கள், விடை 10.8-க்கு ஓடும். 10 பாகை விலக்கி விட்டால் அலைவு நேரம் 0.19 விழுக்காடு கூடி, விடை 9.74 ஆகிவிடும். 5 பாகைக்குள் விட்டால் அந்தக் குறை நாலில் ஒரு பங்காகும். விடையிலிருந்து பின்னோக்கிப் போய் எந்தத் தப்பு நடந்திருக்கும் என்று சொல்ல வருகிறதா? அதைத்தான் நான்கு வருடம் உட்கார்ந்து கற்கிறோம். பினாங்கின் பாயான் லெப்பாஸ் சில்லுத் தொழிற்சாலையிலும், புற்றுநோய் மருத்துவமனையிலும், தொலைநோக்கியின் பின்னாலும் சம்பளம் கொடுப்பது அதற்குத்தான்.

உள்ளே போகும் வழி

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். படிவம் ஐந்தின் முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் இயற்பியலும் கூடுதல் கணிதமும் வேண்டும். இரண்டில் எது தடுமாறினாலும் முதலில் கூடுதல் கணிதத்தைச் சரிசெய்யுங்கள். இயற்பியலில் விழுகிறவர்களில் பலர் உண்மையில் கணிதத்தில்தான் விழுகிறார்கள். அதன்பின் படிவம் ஆறு, மெட்ரிகுலேஷன், பல்கலைக்கழக அடித்தளப் படிப்பு, ஏ லெவல் என்று வழிகள் பிரியும். மெட்ரிகுலேஷன் ஒரு வருடம். உள்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு நேர்வழி. படிவம் ஆறில் எழுதும் எஸ்.டி.பி.எம். ஒன்றரை வருடம், மூன்று பருவம், கடினம்; ஆனால் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் ஏற்கும் சான்றிதழ் அது. வெளிநாட்டு எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் படிவம் ஆறை ஒதுக்காதீர்கள். அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப முறையான யு.பி.யு. வழி விண்ணப்பிக்கும்போது தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு கல்வி, 10 விழுக்காடு புறப்பாடம். அந்தப் பத்தை அலட்சியம் செய்துவிட்டுக் கடைசியில் வருந்துவது தேவையற்ற வருத்தம்.

கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம், பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமான யு.எஸ்.எம். இரண்டிலும் இயற்பியலுக்கு நீண்ட மரபு உண்டு. யு.எஸ்.எம்.மில் மருத்துவ இயற்பியல், புவி இயற்பியல் பக்கம் பலம் அதிகம். ‘வானியல்’ என்று பெயர் போட்ட பட்டத்தைத் தேடி அலைய வேண்டாம். வானியலாளர் ஆவதற்கு உலகெங்கும் பொதுவாசல் இயற்பியல் பட்டம்தான். நோபல் பரிசு பெற்ற வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தது இயற்பியலே. எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெண்குள்ள விண்மீன் தாங்கக்கூடிய எடை சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்குதான் என்று அவர் கணக்கிட்டதும் குவாண்டம் இயக்கவியலையும் சார்பியலையும் சேர்த்து வைத்துத்தான்.

இரண்டாம் ஆண்டுச் சுவர்

முதலாண்டு பெரும்பாலும் தெரிந்ததன் நீட்சி. இரண்டாம் ஆண்டில்தான் சுவர் வரும். மின்காந்தவியலில் வெக்டர் நுண்கணிதம், குவாண்டத்தில் பகுதி வகைக்கெழுச் சமன்பாடு, வெப்ப இயக்கவியலில் எதை மாறிலியாகப் பிடிக்கிறோம் என்ற குழப்பம், மூன்றும் ஒரே நேரத்தில் மோதும். இங்கே நடக்கும் தப்பு ஒன்றே: விடையுள்ள பழைய கேள்வித்தாள்களை மனப்பாடம் செய்வது. தேர்வில் தப்பிக்கலாம். மூன்றாம் ஆண்டில் திடப்பொருள் இயற்பியலும் புள்ளியியல் இயக்கவியலும் வரும்போது கால் தரையில் இருக்காது. ஒரு கணக்கைப் போட்டு முடித்ததும் மூன்று கேள்வி கேளுங்கள்: அலகு சரியா, எல்லை நிலையில் விடை தெரிந்த ஒன்றாக மாறுகிறதா, எண்ணின் அளவு நியாயமா. பத்து நிமிடம் கூடுதலாகும். அந்தப் பத்து நிமிடத்தில்தான் இயற்பியல் மண்டையில் ஏறுகிறது.

முதல் விடுமுறையிலேயே பைத்தானைத் தொடங்கிவிடுங்கள். பெரிய பாடத்திட்டம் வேண்டாம். மேலே சொன்ன ஊசலின் தரவைக் கோப்பிலிருந்து படித்து, வரைபடம் போட்டு, நேர்கோடு பொருத்தி, சரிவையும் அதன் பிழையையும் அச்சிடும் முப்பது வரி நிரல் போதும். அந்த முப்பது வரி வேலை செய்தபின் எக்செல் பக்கம் திரும்ப மனம் வராது. ஆய்வகக் குறிப்பேடு பேனாவில் இருக்கட்டும். தப்பை ஒரு கோடு போட்டு அடியுங்கள்; திருத்தி வெள்ளை பூச வேண்டாம். இரண்டு மாதம் கழித்து, அடித்த எண்தான் சரி என்று தெரிய வந்தால் அது அங்கேயே இருக்கும்.

பாயான் லெப்பாஸும் கூலிமும்

1972-இல் இண்டெல் வந்து இறங்கியதிலிருந்து பினாங்கின் தெற்குப் பகுதி மின்னணுத் தொழிலின் ஊராகிவிட்டது. தீவில் பெரும்பாலும் சில்லுகளை வடிவமைப்பது, உறையிடுவது, சோதிப்பது. பாலம் தாண்டிக் கூலிமில் சிலிக்கான் தகட்டையே பதப்படுத்தும் ஆலைகள். செயல்முறைப் பொறியாளர், சோதனைப் பொறியாளர், நம்பகத்தன்மை, பழுதாய்வு ஆகிய இடங்களில் இயற்பியல் பட்டதாரிக்கு நல்ல பொருத்தம் உண்டு.

பெற்றோர் கேட்கும் ஒன்றை இங்கேயே தெளிவாக்கிவிடுகிறேன். ஆலையில் பதவியின் பெயர் ‘இன்ஜினியர்’ என்று இருக்கும். ஆனால் இயற்பியல் பட்டத்தை வைத்து மலேசியப் பொறியியலாளர் வாரியத்தில் பதிவு செய்ய முடியாது; அதற்கு அங்கீகாரம் பெற்ற பொறியியல் பட்டம் வேண்டும். கட்டட வரைபடத்தில் கையெழுத்துப் போடும் தொழில்முறைப் பொறியாளர் ஆவதுதான் கனவென்றால் பொறியியலே படிக்க வேண்டும். சில்லு ஆலையில் வேலை பார்க்க அந்தப் பதிவை யாரும் கேட்பதில்லை.

வேலை எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். ஒரு சில்லு பத்து வருடம் உழைக்குமா என்று பார்க்கப் பத்து வருடம் காத்திருக்க முடியாது. 125 பாகை செல்சியஸ் அடுப்பில் 1000 மணி நேரம் மின்னூட்டி வைப்பார்கள். 55 பாகையில் அது எத்தனை மணி நேரத்துக்குச் சமம் என்று சொல்வது அரேனியஸ் சமன்பாடு. பழுது நடக்கத் தேவையான கிளர்வு ஆற்றலை 0.7 எலக்ட்ரான்வோல்ட் என்று வைத்தால் வேகமடங்கு சுமார் 78; 1000 மணி நேரம் 78,000 மணி நேரமாகிறது, ஏறக்குறைய ஒன்பது ஆண்டு. அதே கணக்கில் 0.6 என்று வைத்துப் பாருங்கள்: மடங்கு 42-க்கு விழுகிறது, ஒன்பது ஆண்டு ஐந்துக்கும் கீழே இறங்கிவிடும். பத்தில் ஒரு எலக்ட்ரான்வோல்ட். அந்த 0.7 எங்கிருந்து வந்தது, எந்தப் பழுதுக்கு உரியது, அதன் பிழை எவ்வளவு என்று கூட்டத்தில் கேட்கத் தெரிந்தவர் யாரோ அவரை ஆலை கைவிடாது. ஊசலில் நேரம் இருமடியானதுபோல இங்கே ஆற்றல் அடுக்குக்குறியில் உட்கார்ந்திருக்கிறது. சின்னப் பிழை பூதமாகிறது.

பழுதாய்வில் வரிசை முக்கியம். முதலில் எக்ஸ்ரே, ஒலி நுண்ணோக்கி என்று பொருளைச் சிதைக்காத சோதனைகள். பிறகு மின்னோட்ட–மின்னழுத்த வளைவு. அதன்பிறகே புகையும் நைட்ரிக் அமிலத்தால் உறையைக் கரைத்துத் திறந்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்ப்பது. அவசரப்பட்டு முதலிலேயே திறந்துவிட்டால் உறைக்கும் சில்லுக்கும் இடையே இருந்த பிளவு அமிலத்தோடு போய்விடும். காரணம் அதுவாகவே இருந்திருக்கலாம். இனி நிரூபிக்க வழியில்லை.

நேர்காணலில் கேஜ் ஆர் அண்ட் ஆர் பற்றிக் கேட்டால் பயப்படாதீர்கள். அளக்கிற ஆளாலும் கருவியாலும் வரும் சிதறல் மொத்தச் சிதறலில் எவ்வளவு என்பதுதான் அது. 10 விழுக்காட்டுக்குக் கீழே நல்லது, 30-க்கு மேல் போனால் அந்த அளவீட்டை நம்ப முடியாது. ஊசலை இரண்டு பேர் மாறி மாறி அளந்து ஒப்பிட்டிருந்தால் ஏற்கெனவே செய்துவிட்டீர்கள், பெயர்தான் தெரியாது.

மருத்துவமனை

மருத்துவ இயற்பியல் நம் பிள்ளைகளுக்கு அதிகம் சொல்லப்படாத வழி. டாக்டர் ஆகவில்லையே என்று வீட்டில் வருந்துகிறவர்கள் இதைக் கவனிக்கலாம். கதிரியக்கச் சிகிச்சையில் நோயாளிக்கு எவ்வளவு கதிர், எங்கே, எந்தக் கோணத்தில் என்ற கணக்குக்குப் பொறுப்பு இவர்களிடம். பட்டத்துக்குப்பின் முதுகலை தேவை; மலாயாப் பல்கலைக்கழகத்திலேயே மருத்துவ இயற்பியல் முதுகலை இருக்கிறது. 2016-ஆம் ஆண்டுத் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின் பட்டியலில் இந்தத் தொழிலும் உண்டு. அரசு மருத்துவமனையில் பதவியின் பெயர் அறிவியல் அதிகாரி, இயற்பியல் பிரிவு. அரசு வேலைக்கு எஸ்.பி.எம். மலாய்மொழியில் கிரெடிட் அவசியம். பட்டம் முடித்தபின் அது இல்லையென்று தெரியவருவது கொடுமை, இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

காலையில் முதல் நோயாளி வருமுன் கதிர் இயந்திரத்தின் வெளியீட்டைச் சோதிப்பார்கள். பொதுவாக அன்றாடச் சோதனையில் 3 விழுக்காடு வரை விலகல் ஏற்பு, மாதச் சோதனையில் 2. கதிரை அளக்கும் கருவியான திறந்த அயனி அறையில் அளந்தால் உள்ளே இருக்கும் காற்றின் அடர்த்தியும் விடையில் கலக்கும். கருவி 20 பாகைக்கு ஒப்பிடப்பட்டிருக்க, ஏர்கோன் சரியாக ஓடாமல் சிகிச்சை அறை 24 பாகையில் இருந்தால் காற்று மெலிந்து அளவு 1.4 விழுக்காடு குறைவாகக் காட்டும். திருத்தக் காரணியைப் போட மறந்தவர் இயந்திரம் தளர்ந்துவிட்டதாக நினைத்து வெளியீட்டை ஏற்றிவிட்டால், அன்று முதல் ஒவ்வொரு நோயாளிக்கும் 1.4 விழுக்காடு கூடுதல். ஏற்பு எல்லையில் ஏறக்குறையப் பாதியை ஒரு வெப்பமானி தின்றுவிட்டது. எண்ணை நம்புமுன் அது எந்த நிலையில் எடுக்கப்பட்டது என்று கேட்கும் பழக்கம் இங்கே ஒரு மனிதரின் உடம்போடு சம்பந்தப்பட்டது.

வானம்

வானியல்தான் ஆசை என்றால் நேராகச் சொல்கிறேன்: உள்நாட்டில் வானியலாளர் வேலைகள் மிகக் குறைவு. முனைவர் பட்டத்துக்குப் பெரும்பாலும் வெளிநாடு, அதன்பின் இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்த வேலைகள் சில, பிறகுதான் நிரந்தர இடம், அதுவும் பலருக்குக் கிடைப்பதில்லை. இதைத் தெரிந்துகொண்டு போகிறவர் போகலாம். வழியில் கற்கும் நிரலாக்கமும் தரவாய்வும் வங்கியிலும் மென்பொருள் நிறுவனத்திலும் விலைபோகும். தெரியாமல் போவதுதான் ஆபத்து.

நம் இருப்பிடத்துக்கு ஒரு கொடுப்பினை உண்டு. கோலாலம்பூர் வடக்கே 3 பாகை, பினாங்கு 5 பாகைக்குச் சற்று மேல். துருவ நட்சத்திரம் அடிவானத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும்; சப்தரிஷி மண்டலமும் தென்சிலுவையும் இரண்டுமே தெரியும். வருடம் முழுக்கப் பார்த்தால் ஏறக்குறைய மொத்த வானமும் நமக்குத் தலைக்கு மேலே வந்து போகிறது. குறை மேகம், ஈரம், நகர வெளிச்சம். பினாங்கில் ஜனவரி, பிப்ரவரி வறண்ட மாதங்கள். வானம் பார்க்கத் திட்டமிட்டால் அப்போது வையுங்கள். கோலாலம்பூரில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மழை உச்சம்.

கேமராவில் எடுக்கும் படத்தை அப்படியே அளக்க முடியாது. கேமரா இருட்டிலேயே காட்டும் எண்ணை நீக்க டார்க் படம். அது அதே வெப்பநிலையில், அதே நேர அளவில் எடுத்ததாக இருக்க வேண்டும். தூசி நிழலும் ஓர இருளும் நீக்க, சீராக ஒளிரும் பரப்பை எடுத்த ஃப்ளாட் படம். அந்தி வானத்தை வைத்து ஃப்ளாட் எடுப்பவர்களுக்கு நம் ஊரில் ஒரு சிக்கல்: சூரியன் ஏறக்குறைய நேர்குத்தாக இறங்குவதால் அந்தி சட்டென்று அணைந்துவிடும். வடக்கே இருப்பவர்களுக்கு நிதானமாகக் கிடைக்கும் நேரம் இங்கே சில நிமிடம். 65,535 வரை எண்ணும் கேமராவில் 25,000 முதல் 30,000 வரை வருமாறு, ஒவ்வொரு படத்துக்கும் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஒரே நேர அளவில் விட்டால் முதல் படங்கள் நிரம்பி வழியும், கடைசிப் படங்கள் வெறும் இரைச்சல். வேலை முடிந்ததும் லென்ஸை உலர்பெட்டியில் 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் வையுங்கள். பையில் போட்டு அலமாரியில் வைத்தால் கண்ணாடியில் பூஞ்சை பிடித்துவிடும்.

தொலைநோக்கியே இல்லாவிட்டாலும் தொடங்கலாம். பிற விண்மீன்களின் கோள்களைத் தேட 2018-இல் ஏவப்பட்ட டெஸ் விண்கலத்தின் தரவு இலவசம். லைட்கர்வ் என்ற பைத்தான் தொகுப்பு அதை இறக்கிக் கொடுக்கும். வியாழன் அளவுள்ள கோள் சூரியன்போன்ற விண்மீனை மறைத்தால் ஒளி சுமார் 1 விழுக்காடு குறையும். ஆரம் பத்தில் ஒரு பங்கு, பரப்பு நூறில் ஒரு பங்கு. இந்தக் குழியை நன்றாகப் பார்க்க 0.1 விழுக்காடு துல்லியம் வேண்டும், அதற்கு ஒவ்வோர் அளவிலும் பத்து லட்சம் எலக்ட்ரான் சேர வேண்டும். வர்க்கமூலச் சிதறல் ஆயிரம், பத்து லட்சத்தில் ஆயிரம் என்பது 0.1 விழுக்காடு. ஹெச்.டி. 209458 என்ற விண்மீனில் பழகுங்கள்: 3.52 நாளுக்கு ஒருமுறை குழி, ஆழம் சுமார் 1.5 விழுக்காடு, விடை தெரிந்தது.

தப்பு நடக்கும் இடம் படப்புள்ளியின் அளவு. டெஸ்ஸின் ஒரு படப்புள்ளி வானத்தில் 21 வில்விநாடி அகலம். பக்கத்து விண்மீனின் ஒளி உள்ளே கலந்துவிடும். சேர்ந்த ஒளியில் பாதி பக்கத்து வீட்டுக்காரருடையது என்றால், நீங்கள் பார்க்கும் 1 விழுக்காடு உண்மையில் 2 விழுக்காடு. கோளின் ஆரம் விண்மீனின் ஆரத்தில் 0.10 பங்கு அல்ல, 0.14. மென்பொருள் எச்சரிக்கை எதுவும் கொடுக்காது. வரைபடம் அழகாகவே இருக்கும்.

இன்னும் சில கதவுகள்

புவி இயற்பியல் படித்தவர்களுக்கு எண்ணெய் எரிவாயுவும் நிலத்தடி நீர், அடித்தள ஆய்வு நிறுவனங்களும் உண்டு. கதிர்ப் பாதுகாப்பு அதிகாரிகள் தொழிற்சாலைகளுக்கும் தேவை. இடைநிலைப்பள்ளி ஆசிரியராக விரும்புகிறவர் பட்டத்துக்குப்பின் கல்வி டிப்ளோமா எடுக்க வேண்டும்; படிவம் நான்கில் 9.78 என்று சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்பதால் இதை மனதார விரும்புகிறேன்.

இறுதியாண்டுத் திட்டம்

எந்த வழி என்றாலும் அதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இறுதியாண்டு ஆய்வுத் திட்டம். மூன்றாம் ஆண்டின் நடுவிலேயே விரிவுரையாளர்களைப் போய்ப் பாருங்கள். சுலபமான தலைப்பைத் தேடாமல் இரண்டு கேள்வி கேளுங்கள்: எந்தக் கருவியை என் கையால் இயக்குவேன், தரவு எப்போது கையில் இருக்கும். ‘கருவி வந்துகொண்டிருக்கிறது’ என்பது பதிலானால் வேறு தலைப்புக்கு மாறுங்கள். கடைசிப் பருவத்தில் கருவி வரும், உங்களுக்கு நேரம் இருக்காது.

தன்விவரத்தில் ‘குவாண்டம் இயக்கவியல், ஏ’ என்று எழுதினால் ஆலையின் மனிதவள அதிகாரிக்கு அது எதுவும் சொல்லாது. எத்தனை மாதிரி, எந்தக் கருவி, என்ன துல்லியம், எந்த நிரல் என்று ஒரே வரியில் எழுதுங்கள். வெளிநாட்டு முனைவர் படிப்புக்கு அதே திட்டம் வேறு வடிவில் உதவும். அமெரிக்காவில் பல துறைகளுக்கு டிசம்பரில் கெடு முடியும், முதுகலை இல்லாமலே சேரலாம், மூன்று பரிந்துரைக் கடிதம் வேண்டும். ஜெர்மனியில் முதலில் இரண்டு வருட முதுகலை. ஆங்கிலத்திலேயே படிக்கும் திட்டங்கள் உண்டு, பெரும்பாலான மாநிலங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. ஜப்பானுக்கு அந்நாட்டு அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகை, தூதரகம் வழியாக. பக்கத்திலேயே தாய்லாந்தில் 2.4 மீட்டர் தொலைநோக்கியோடு தேசிய வானியல் ஆய்வுக் கழகம் இருக்கிறது. அதை மறந்துவிட்டு எல்லாரும் அமெரிக்காவையே பார்க்கிறார்கள்.

பரிந்துரைக் கடிதம் கேட்கும்போது ஆறு வாரம் முன்னால் கேளுங்கள். உங்கள் அறிக்கை, மதிப்பெண் பட்டியல், விண்ணப்பக் கெடுத் தேதிகள், அவர் வகுப்பில் நீங்கள் செய்த ஒரு குறிப்பிட்ட வேலை, இவற்றை ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள். ‘நல்ல மாணவர், நேரத்துக்கு வருவார்’ என்ற கடிதத்தைத் தேர்வுக் குழு படித்த நொடியே மறந்துவிடும். ‘தன் அளவீட்டில் இருந்த முறைப் பிழையைத் தானே கண்டுபிடித்து, மூன்று வாரத் தரவைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி எடுத்தார்’ என்று ஒருவர் எழுத வேண்டுமானால், அந்த மூன்று வாரத்தை அவர் உங்கள் குறிப்பேட்டில் பார்த்திருக்க வேண்டும்.